புள்ளி இல்லாத பட்டைகள்

சூசைநாதனுக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு முப்பத்தெட்டு.

அவர் பெயர் மங்கையர்க்கரசி. ஒன்பது ஆண்டுகள் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திவிட்டு, அரியலூர்ப் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு ஆய்வகப் பொறுப்பாளராக வந்தவர். கல்லூரியை விட்ட பிறகும் டீச்சர் என்ற பெயர் அவரை விடவில்லை. தொழிற்சாலையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சூசைநாதனும் அப்படித்தான்.

அந்தத் தொழிற்சாலையில் நடப்பது ஒரே வேலை. வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை மாவைவிட மெல்லியதாக அரைப்பார்கள். தண்ணீர் சேர்த்துக் கூழாக்குவார்கள். கூழ் டேங்கர் லாரிகளில் காகித ஆலைகளுக்குப் போகும். காகிதத்தின் வெளுப்பும் வழவழப்பும் அதிலிருந்து வருவது.

கல் கெட்டுப்போகாது. கூழ் கெட்டுப்போகும். கல்மாவு அடியில் தங்கிவிடாமல் இருக்க அதில் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். கிருமிகள் அதைத் தின்று பெருகும். இரண்டே நாளில் வெள்ளைக் கூழ் சாம்பல் பூத்து, அழுகிய முட்டை போல நாறும். அப்படி ஆகாமல் இருக்க ஒரு திரவத்தை ஊற்றுவார்கள். நீலக் கேனில் வரும். அதன் உண்மையான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மருந்து என்றார்கள்.

சூசைநாதன் இருபத்திரண்டு வருடம் பம்பு ஓட்டியவர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, குனிந்து நிமிரக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, அவரை மருந்து ஊற்றும் வேலைக்கு மாற்றினார்கள். டீச்சரிடம் போய்க் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள்.

முதல் நாள் டீச்சர் அவரிடம் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் காட்டினார். விரல் நீளம். இரண்டு பக்கமும் வழுவழுப்பான பசை.

"இதைக் கூழ்ல முக்கி எடுத்து, மூடி, இந்தச் சூட்டுப் பெட்டியில ரெண்டு நாள் வைக்கணும். கிருமி இருந்தா சிவப்புப் புள்ளி வரும். இருபது புள்ளி வரைக்கும் பரவாயில்லை. அதுக்கு மேல போனா மருந்து."

"எவ்வளவு?"

"தொட்டிக்கு ஒன்றரைக் கேன். அதுக்கு மேல வேண்டாம்."

சூசைநாதன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"எவ்வளவு ஊத்தினா ஒண்ணுகூட இல்லாமப் போகும்?"

டீச்சர் இன்னொரு பட்டையைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

"உங்க உள்ளங்கையை இது மேல வைச்சு அழுத்துங்க."

அழுத்தினார். டீச்சர் அதை மூடி, அவர் பெயரை எழுதி, பெட்டியில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார். புள்ளிகளை எண்ண முடியவில்லை. பட்டை முழுக்கச் சிவந்து, ஓரத்தில் மஞ்சளும் பூத்திருந்தது.

"இதுக்கு எத்தனை கேன் ஊத்தலாம்?" என்று கேட்டார் டீச்சர்.

சூசைநாதன் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போனார்.

அவருக்குப் புரிந்துவிட்டது என்று டீச்சர் நினைத்தார்.

சூசைநாதன் நேராகக் குழாயடிக்குப் போனார். தரை தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து இரண்டு கைகளையும் தேய்த்தார். தோல் உரிந்து ரத்தம் கசியும்வரை தேய்த்தார். அதை யாரும் பார்க்கவில்லை.

•

அவர் மனைவி ஆரோக்கியமேரி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கொல்லைப்புறத்தில் கிடந்த தகரம் காலில் கிழித்த காயம். ஒரு அங்குலம்கூட இருக்காது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் வீட்டு வேலை பார்த்தார். நான்காம் நாள் காய்ச்சல். பதினோராம் நாள் முடிந்துவிட்டது.

"கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு" என்று மருத்துவர் சொன்னார்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் வீட்டுக்குள் வந்து தன் மனைவியைக் கொண்டுபோனது என்பதை சூசைநாதனால் யாரிடமும் பேச முடியவில்லை. யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. இப்போது அந்தக் கூட்டத்தைக் கொல்வதே வேலை என்று அவரிடம் நீலக் கேனைக் கொடுத்திருந்தார்கள்.

அவர் கவனமாக வேலை செய்தார். தினமும் காலை ஏழு மணிக்கு ஆறு தொட்டிகளிலும் பட்டை முக்கினார். புள்ளிகளை எண்ணி நோட்டில் குறித்தார். மற்றவர்கள் ஐந்து, எட்டு என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவர் அந்த ஐந்தையும் எட்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"எட்டு இருக்கு டீச்சர்."

"இருக்கட்டும்ணே. இருபதுக்குள்ளதானே."

"எட்டு, எண்பதாகாதா?"

"ஆனா அப்ப ஊத்துவோம்."

"ஆகறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டா என்ன?"

டீச்சர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். வேறு ஏதோ வேலை வந்தது. பேச்சு அங்கேயே நின்றது.

•

அந்த வருடக் கோடை கடுமையாக இருந்தது. மே மாதம் இரண்டாம் வாரத்தில் நான்காம் தொட்டி கெட்டது. காலையில் எட்டுப் புள்ளி காட்டிய தொட்டி, இரண்டு நாளில் சாம்பல் நிறமானது. அதிலிருந்து போன ஒரு லாரியைக் காகித ஆலை அப்படியே திருப்பி அனுப்பியது. வாசலில் லாரி நின்றபோதே நாற்றம் எல்லோர் மூக்கிலும் ஏறியது.

யாரும் சூசைநாதனைக் குறை சொல்லவில்லை. குழாய் வளைவு ஒன்றில் பழைய கூழ் தேங்கிக் கிடந்ததை டீச்சர் கண்டுபிடித்தார். கழற்றிக் கழுவச் சொன்னார். தொட்டியைக் காலி செய்து தேய்த்து, புதுக்கூழ் நிரப்பினார்கள். அளவாக மருந்து ஊற்றினார்கள்.

"தேங்கின இடம்தான் காரணம். மருந்து போதாம இல்லை" என்றார் டீச்சர்.

சூசைநாதன் தலையாட்டினார். அவர் காதில் அது விழவில்லை. அந்த நாற்றம் அவருக்குத் தெரிந்த நாற்றம். மருத்துவமனையில் கட்டுப் பிரித்தபோது வந்தது.

மறுநாள் டீச்சர் ஒரு பயிற்சிக்காகச் சென்னைக்குக் கிளம்பினார். ஐந்து நாள்.

டீச்சர் போன அன்று பிற்பகல், சூசைநாதன் நான்காம் தொட்டியின் மேல் ஏறினார். ஒன்றரைக் கேன் ஊற்றினார். நிறுத்தவில்லை. முதுகு வலித்தது. ஒவ்வொரு கேனாகத் தூக்கி ஊற்றினார். பத்துக் கேன். கடைசிக் கேனில் கையுறை கிழிந்து முழங்கை வரை தெறித்தது. துடைத்துக்கொண்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு முக்கிய பட்டைகள் எதிலும் ஒரு புள்ளி இல்லை. கண்ணாடி போல இருந்தன. அவற்றை ஆய்வக ஜன்னலில் வரிசையாக நிறுத்தி வைத்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவருக்குச் சாப்பாடு ருசித்தது.

அந்தத் தொட்டியிலிருந்து நான்கு லாரிகள் போயிருந்தன.

டீச்சர் திரும்பி வந்து ஜன்னலைப் பார்த்தார். ஒரு பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததை எடுத்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"பத்து."

"கையைக் காட்டுங்க."

முழங்கை வரை தோல் கொப்புளித்துச் சிவந்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, அவரை முதலுதவி அறைக்கு அனுப்பிவிட்டு, மேலாளர் அறைக்குப் போனார்.

மேலாளர் நிதானமானவர். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"நாலு லோடு போயிருச்சு. ஆலையிலேருந்து ஒரு புகாரும் இல்லை. கூழ் நல்லாத்தானே இருக்கு. நாமளா எதுக்குச் சொல்லணும்?"

"அங்க ஏதாவது ஆகியிருந்தா, ஏன்னு தெரியாம தேடிக்கிட்டு இருப்பாங்க சார்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னு தெரிஞ்சுக்கலாம்."

டீச்சர் மேசைமேல் இருந்த தொலைபேசியை எடுத்து, மேலாளர் முன்னாலேயே ஆலையின் எண்ணை அழுத்தினார்.

ஆலையில் ஆகியிருந்தது.

•

காகித ஆலையில் அந்த வாரம் இயந்திரத்தைப் பழுது பார்க்க நிறுத்தியிருந்தார்கள். அந்த நான்கு லாரிக் கூழ் இருந்த கலனைக் கழுவி, எல்லாவற்றையும் ஒரே நாளில் சாக்கடையில் விட்டிருந்தார்கள். ஆலையின் சாக்கடை ஒரு பெரிய சிமெண்டுக் குளத்துக்குப் போகும். கழிவு நீர் அங்கேதான் தெளிந்து, பிறகு ஓடைக்குப் போகும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டீச்சரும் சூசைநாதனும் அந்தக் குளத்தின் கரையில் நின்றார்கள்.

குளத்தைப் பார்த்துக்கொள்பவர் பெயர் காத்தவராயன். ஐம்பதைத் தொடும் வயது. கண்கள் சிவந்திருந்தன. மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை என்று சொன்னார்கள்.

குளம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. காற்றை அடிக்கும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீர் கலங்கியதே தவிர நுரைக்கவில்லை.

"போன வாரம் வரைக்கும் டீத்தண்ணி மாதிரி பழுப்பா இருக்கும்" என்றார் காத்தவராயன். "பதினாலு வருசமா வளர்த்தது. மூணு நாளா நான் என்ன தப்பு பண்ணேன்னு தேடிக்கிட்டு இருக்கேன்."

"எதை வளர்த்தீங்க?" என்று கேட்டார் சூசைநாதன்.

காத்தவராயன் அவரை ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மேசைமேல் ஒரு நுண்ணோக்கி இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டினார். அதில் சின்னச் சின்ன உயிர்கள் நெளிந்த கோலத்தில் இருந்தன.

"இது தை மாசம் எடுத்தது. இப்ப இதுல பாருங்க."

சூசைநாதன் குனிந்து பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. மண்துகள் போல ஏதோ கிடந்தது.

"ஆலை விடுற அழுக்கை எல்லாம் தின்னுட்டு நல்ல தண்ணியைத் தர்றது இதுங்கதான். வேற எந்த மிஷினும் அதைச் செய்யாது."

"கிருமியா?"

"கிருமிதான்."

சூசைநாதன் நிமிர்ந்தார். கட்டுப் போட்டிருந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் ஊத்தினேன்" என்றார்.

காத்தவராயன் அவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"பேர் என்ன?"

"சூசைநாதன்."

"எத்தனை கேன்?"

"பத்து."

காத்தவராயன் நுண்ணோக்கியின் மேல் துணியை மூடினார். "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

குளம் செத்த முதல் நாள், அது தெரியாமல், அரை நாள் தண்ணீரை ஓடையில் விட்டிருந்தார்கள். ஓடை ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏரியில் சேர்கிறது; காத்தவராயன் அவர்களை அங்கேதான் கூட்டிப்போனார். கரை ஓரம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. விரலளவு குஞ்சிலிருந்து முழ நீளக் கெண்டை வரை. ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று கூடையில் அள்ளி, கரையில் வெட்டியிருந்த குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் மாடுங்க தண்ணிக்கு வரும். அதுக்கு முன்னாடி அள்ளிரணும்" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

சூசைநாதன் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதுகு ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அள்ளினார். அந்தப் பெண் ஒரு கூடையை அவர் பக்கம் தள்ளினார். மதியம் வரை இருவரும் அள்ளினார்கள்.

டீச்சர் கரையில் நின்றுகொண்டிருந்தார். சூசைநாதன் மேலே வந்ததும் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

"கிருமி செத்தா மீன் ஏன் சாகுது டீச்சர்?"

"அண்ணே, இங்க ஒரு மாசம் இருக்கீங்களா?"

"எதுக்கு?"

"காத்தவராயன் அண்ணனுக்கு ஆள் வேணும். குளத்தை மறுபடி உசுர் புடிக்க வைக்கணும். அவர் சொல்றதைச் செய்யணும்."

"என்ன வேலை?"

"சோறு போடுற வேலை."

"யாருக்கு?"

டீச்சர் குளம் இருந்த திசையைக் காட்டினார்.

சூசைநாதன் அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"என் வீட்டுக்காரி எதுல செத்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் சொன்னார். தகரம், காயம், பதினோரு நாள், கட்டுப் பிரித்தபோது வந்த நாற்றம். மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருவரிடம் முழுதாகச் சொன்னார்.

"இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார் டீச்சர் கடைசியில்.

"நீங்க கேக்கலை."

"ஆமா. கேக்கலை."

ஏரியில் காற்று வீசியது. செத்த மீன் வாடை வந்தது.

"வேற ஆளை அனுப்பட்டுமா?"

சூசைநாதன் தலையை அசைத்தார்.

"வேண்டாம். கொன்னது நான்."

•

ஆலை தன் கழிவு நீரைப் பக்கத்திலிருந்த காலித் தொட்டிகளில் தேக்கி வைத்தது. அவை நிரம்ப மூன்று வாரம் ஆகும். அதற்குள் குளம் பிழைக்காவிட்டால் ஆலையை மூட வேண்டும். அறுநூறு பேர் அங்கே வேலை செய்தார்கள்.

முதலில் குளத்தைப் பாதி இறைத்து, மருந்தின் வீரியம் போக நல்ல தண்ணீர் விட்டார்கள். பிறகு வேறொரு ஆலையின் குளத்திலிருந்து உயிருள்ள சேற்றை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். அதற்குத் தீனி வேண்டும். சாணியைக் கரைத்து ஊற்ற வேண்டும். வெல்லம் கரைத்த தண்ணீர் ஊற்ற வேண்டும். காலை ஆறு மணிக்கு, பதினோரு மணிக்கு, மாலை நான்கு மணிக்கு. அந்த வேலை சூசைநாதனுக்கு.

முதல் நாள் வெல்லக் கரைசல் வாளியைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்றவர் நின்றபடியே இருந்தார். காத்தவராயன் தூரத்திலிருந்து பார்த்தார். கால் மணி நேரம் கழித்து வாளி கவிழும் சத்தம் கேட்டது.

முதல் வாரம் காத்தவராயன் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. "சாணி கட்டியா இருக்கு." "சக்கரத்தை நிறுத்துங்க." அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டை இருவரும் கொட்டகையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஆறாம் நாள் கொண்டுவந்து கொட்டிய சேறும் செத்தது. தண்ணீர் மறுபடி சாம்பலானது. அடியில் மருந்து இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது. காத்தவராயன் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தபோது சூசைநாதன் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"போச்சா?"

"போச்சு."

"அடியில இருக்கிற சேத்தை எல்லாம் வாரிட்டா?"

"ஆள் இறங்கணும். உங்க முதுகுக்கு ஆகாது."

சூசைநாதன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். குளத்தை இறைத்துவிட்டு நான்கு பேர் சேர்ந்து இரண்டு நாள் வாரினார்கள். இரண்டாம் நாள் மாலை அவரால் நிமிர முடியவில்லை. காத்தவராயன் கையைக் கொடுத்து மேலே தூக்கினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

சாப்பிடும்போது சூசைநாதன் ஆரோக்கியமேரியைப் பற்றிச் சொன்னார். காத்தவராயனின் மனைவி பரிமாறிய கரண்டியைப் பிடித்தபடி நின்றார். காத்தவராயன் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தினமும் அதுக்கு வெல்லம் ஊத்தறப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?"

"முதல் நாள் அவளுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருந்துச்சு."

"இப்ப?"

சூசைநாதன் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தார்.

"இப்ப பசிக்குமேன்னு இருக்கு."

இரண்டாம் முறை சேறு கொட்டினார்கள். ஐந்தாம் நாள் குளத்தின் ஓரத்தில் கொஞ்சம் நுரை கட்டியது. ஏழாம் நாள் தண்ணீர் லேசாகப் பழுப்பேறியது. ஒன்பதாம் நாள் காலை சாணிக் கரைசலோடு போன சூசைநாதன், குளத்திலிருந்து புதுமழை பெய்த மண் வாசனை வருவதைக் கவனித்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு விரைந்தார்.

காத்தவராயன் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

வட்ட வெளிச்சத்துக்குள் மெல்லிய காம்பு ஒன்று நின்றது. அதன் நுனியில் சின்ன மணி போல ஒரு உயிர். வாயைத் திறந்தது. சுற்றியிருந்த தூசுகள் சுழன்று அதற்குள் போயின. ஏதோ பட்டதும் காம்பு சுருண்டு அடியில் ஒளிந்தது. கொஞ்ச நேரத்தில் மெதுவாக நீண்டு மறுபடி திறந்தது.

"இது வந்துட்டா குளம் பொழச்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார் காத்தவராயன்.

சூசைநாதன் முகத்தை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து நுண்ணோக்கியின் குழாயில் இறங்கியது. காத்தவராயன் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

பதினோராம் நாள் ஓடைக்குத் தண்ணீர் திறந்தார்கள். முதலில் ஒரு வாளியில் பிடித்து, ஏரியிலிருந்து கொண்டுவந்த இரண்டு கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டுப் பார்த்தார்கள். மாலை வரை அவை நீந்தின. தேக்கிய தொட்டிகளில் இன்னும் ஒரு நாளைக்கான இடமே மிச்சம் இருந்தது.

கிளம்பும் நாளில் பேருந்து நிறுத்தம் வரை காத்தவராயன் கூட வந்தார்.

"உங்க டீச்சர் எங்க ஆலைக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தப்பு தன்னோடதுன்னு. இந்த வேலைக்குப் புதுசா வந்த ஆளுக்கு அளவைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லலைன்னு."

பேருந்து வந்தது. சூசைநாதன் ஏறும்போது காத்தவராயன் அவர் கொப்புளம் காய்ந்த கையை ஒருமுறை பிடித்துவிட்டு விட்டார்.

•

திங்கட்கிழமை சூசைநாதன் தொழிற்சாலைக்கு வந்தபோது டீச்சர் ஐந்தாம் தொட்டியின் அருகே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பட்டை. இருநூறு புள்ளிக்கு மேல் இருந்தது. பக்கத்தில் மருந்துக் கேன் இரண்டு.

"வாங்கண்ணே. குளம் எப்படி இருக்கு?"

"பழுப்பா இருக்கு."

"சந்தோசம்."

"ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீங்க டீச்சர்?"

"நடந்ததைத்தான் எழுதினேன்."

"ஊத்தினது நான்."

"அதையும் எழுதியிருக்கேன். ரெண்டாவது வரியில."

சூசைநாதன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"அன்னைக்கு என் உள்ளங்கையை வைச்சுக் காட்டினீங்களே, வாயால சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமா?"

"தெரியலை. சொல்லிப் பார்த்திருக்கணும்."

டீச்சர் ஒரு கேனின் மூடியைத் திருகித் திறந்தார். காரமான வாடை வந்தது. புதுக் கையுறையை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"என்னால ஆகாது டீச்சர். வேற ஆளைப் போடுங்க."

"முதுகா?"

"முதுகு இல்லை. கை வரலை. இதுக்குள்ள இருக்கிறதும் வாயைத் திறந்து மூடிக்கிட்டு இருக்கும்னு தோணுது."

"ஊத்தலைன்னா நாளைக்கு இந்தத் தொட்டி நாறிடும். தெரியுமில்ல?"

"தெரியும். ஊத்தித்தான் ஆகணும். அதனாலதான் சொல்றேன், கை கூசாத ஆளாப் பார்த்துப் போடுங்க."

டீச்சர் கையுறையை நீட்டியபடியே நின்றார்.

"அப்படிப்பட்ட ஆளுங்க இங்க நாப்பது பேர் இருக்காங்கண்ணே. அவங்க கையில இதைக் கொடுக்க எனக்குப் பயமா இருக்கு."